அரைப்புள்ளிகளாக வந்த கடிதம்

வெள்ளவத்தை
12.01.2003

அன்புள்ள தம்பி இந்திரகுமாருக்கு,

நானும் மகளும் ஏதோ இருக்கிறோம். நீ அனுப்பிய மின்னஞ்சலைச் சந்தியிலுள்ள கொமினிகேசன் கடையில் திறந்து பார்த்தேன். மூன்று பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். கடைக்காரர், "இது வைரஸ் அக்கா, அழிச்சுவிடுங்கோ" என்றார். எனக்கு மனம் வரவில்லை. அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அத்தான் செத்து நாலு மாதம். உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் வந்தது இதுதானா?

அக்கா
விமலாதேவி

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
26.01.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மின்னஞ்சலில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் முன்பு அடித்தது ஒரு எழுத்துரு, அந்தக் கடையில் இருப்பது வேறொன்று. என்னுடையதை இணைத்திருக்கிறேன், போடச் சொல்லுங்கோ.

என்னோடு சலவைப் பகுதியில் வேலை செய்யும் எமிலியா போலந்துக்காரி. அவர்களுக்கும் முந்தி இதே கூத்துத்தானாம். ஒவ்வொரு எழுத்துக்கும் கம்பியூட்டருக்குள்ளே இருக்கிற எண் ஒன்றுதான். ஒவ்வொரு கம்பியூட்டரும் தன்பாட்டில் ஒரு எழுத்தைக் காட்டுமாம். அலுத்துப்போய், தங்கள் மொழி எழுத்துகளில் வரும் வாலையும் கோட்டையும் விட்டுவிட்டே எழுதினார்களாம்.

உங்கள் தம்பி
இந்திரன்

வெள்ளவத்தை
09.02.2003

தம்பி,

கடைக்காரர் உன் எழுத்துருவைப் போட மாட்டாராம். நல்லது. எனக்கு எண்ணும் வேண்டாம், போலந்தும் வேண்டாம்.

உன்னிடம் பேனை இல்லையா? அந்த மூன்று பக்கத்தை அச்செடுத்துத் தபாலில் போட உனக்கு எவ்வளவு நேரம்? நீ ஏதோ ஒளிக்கிறாய். இனி அந்தக் கடைப் பக்கம் நான் போக மாட்டேன்.

விமலா

ஸ்டோவ்னர்
23.02.2003

அன்புள்ள அக்கா,

கையால் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை எமிலியாவுக்கு நொர்ஸ்க் மொழியில் சொன்னேன். "உன் அக்கா சொல்வது சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மூன்று பக்கத்திலும் பொய் இருக்கிறது, அக்கா. அத்தானின் செய்தி பிந்தித்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தேன். அதனால்தான் அச்செடுத்து அனுப்பக் கை வரவில்லை. உண்மையில் இங்கே இருக்கிற எங்கள் ஊர் யோகராசா மறுநாளே சொல்லிவிட்டான். போன் காட் வாங்கி உங்களுக்கு எடுத்தேன். "ஆர்?" என்று கேட்டீர்கள். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கின மனிசன் இப்ப இல்லை என்று உங்கள் வாயால் கேட்கப் பயந்து போனை வைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் வெட்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நான் செய்தது பெரிய பிழை. திட்டுங்கோ.

இந்திரன்

வெள்ளவத்தை
08.03.2003

என் தம்பி,

அண்டைக்கு எடுத்தது நீதான் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டு லைன் இரைச்சல், அதுக்குள்ளே உன்ரை மூச்சு. குழந்தையிலிருந்து உன் பக்கத்தில் படுத்தவள், எனக்குத் தெரியாதா? நீ வைத்த பிறகும் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தவீட்டுச் சனம் சுற்றிவரக் கத்தியது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீயே சொல்லுவாய் என்றுதான் இவ்வளவு நாளும் பார்த்திருந்தேன்.

இது கிடைத்த ஞாயிறு பின்நேரம் போன் எடு. நான் அழுவேன், மோனே. நீ ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. வைக்காமல் நில்.

அக்கா