ஒரே இரவின் சாட்சியம்

இதை எழுதுபவன்: க்ரோனிங்கன் நகரில் உயில்களும் பத்திரங்களும் எழுதும் நோட்டரியாகத் தொழில் செய்து ஓய்வுபெற்றவனும், சிலி நாட்டு வானாய்வகத்தில் பணிபுரியும் ரென்ஸ்கேயின் தகப்பனுமாகிய ஹெர்மன் வீரிங்கா, முழு நினைவுடனும், எவருடைய தூண்டுதலும் இன்றியும். உன் அம்மா கேசினா பின்னால் நின்று படித்துக்கொண்டிருப்பதைத் தூண்டுதலாகக் கொள்ள வேண்டாம்.

அன்பு மகளே, இங்கே அனைவரும் நலம். என் இடது முழங்காலை மட்டும் இக்கூற்றிலிருந்து விலக்கி வைக்கிறேன். மலை மேல் நீயும் நலமென்று அனுமானிக்கிறோம், உறுதி செய்து எழுது. வரும் திங்களன்று உன் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாக நீ எழுதியிருந்ததை இருமுறை படித்தேன். நான் விளங்கிக்கொண்டது இது, பிழையிருந்தால் திருத்து: ஒரே வாயு மேகத்தில் பிறந்த விண்மீன்கள் கொத்தாக வாழ்கின்றன, மிச்ச வாயு கலைந்ததும் பெரும்பாலான கொத்துகள் இளமையிலேயே சிதறிவிடுகின்றன, தப்பிப் பிழைத்தவற்றையும் விண்மீன் மண்டலம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இழுத்து இழுத்து, முன்னால் ஒரு வாலும் பின்னால் ஒரு வாலுமாக நீட்டிவிடுகிறது. உன் கொத்துக்கு அப்படியொரு வால் உண்டென்பது உன் வாதம். அந்த வாலிலுள்ள சில விண்மீன்களின் வேகம் மற்றவற்றோடு ஒத்துப்போகாததால், அவை வழிப்போக்கர்கள், நீக்கிவிடு என்று உன் குழுவினர் சொல்கிறார்கள். அவற்றை நீக்கினால் வாலும் இல்லை, உன் மூன்றாண்டு உழைப்பும் இல்லை.

கடந்த ஞாயிறன்று உன் அம்மாவின் பிறந்தநாள். வழக்கம்போல் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும், எனக்கும்கூட, கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி, காப்பியும் ஆளுக்கொரு துண்டு கேக்குமாக அமர்ந்திருந்தோம். என் அண்ணன் மகன் சீப்ரென் உள்ளே வந்தான், உட்காரவுமில்லை, வாசலை நோக்கித் திரும்பி நடந்தான். உடனே உன் பெரியம்மா தின்யே, "பாத்தீங்களா ஹெர்மன், உங்க வீட்டுப் பையன் வந்ததும் கிளம்பிட்டான், ஒட்டவே மாட்டான்!" என்றாள். அதற்கு உன் அம்மா, "அக்கா, கொஞ்சம் குனிஞ்சு பாரு, அவன் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறது அவன் பொண்ணு. நாற்காலி மறைச்சதுல உனக்குத் தெரியல" என்றாள். சற்று நேரத்தில் அந்தச் சிறுமியே அவனை மறுபடி உள்ளே இழுத்து வந்தாள். தின்யே விடவில்லை: "இருந்தாலும் நடை சரியில்ல!"

அப்போதுதான் உன் கடிதத்தின் ஒரு வரி நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று சுற்றிவந்தால், அது இழுக்கும் இழுப்பில் ஒரு விண்மீனின் வேகம் ஓர் இரவு கூடும், வேறோர் இரவு குறையும் என்று முன்பு நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய். இந்த வால் விண்மீன்களையோ ஒரே ஓர் இரவுதான் அளந்ததாக எழுதியிருக்கிறாய். கொத்தோடு அவற்றுக்கு வயதும் ஒன்று, வேதி உள்ளடக்கமும் ஒன்று, எனினும் ஒரு கணத்தின் நடையை வைத்து உறவில்லை என்று தீர்ப்பா? ஒருமுறை மட்டும் பார்த்த சாட்சியை நம்பி எந்த வாரிசையும் நான் நீக்கியதில்லை. ஆகவே திங்களன்று எதையும் திரும்பப் பெறாதே. இன்னொரு இரவு தொலைநோக்கி நேரம் கேள். கேட்டால் கெஞ்சுவதுபோல் இருக்கும் என்கிறாய். உன் அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: "வாயத் தொறந்து கேக்காம எவன் குடுப்பான்? அவ என்ன கடனா கேக்குறா?" மறு அளவையிலும் அவை அந்நியர்கள் என்றே வந்தால் உன் கையாலேயே நீக்கிவிடு; அதையும் நான் பெருமையுடன் ஏற்பேன். ஆனால் அப்படி வராது என்றே கருதுகிறேன். கருத்து என்றுதான் சொல்கிறேன்.

வட்டத்தில் உன் நாற்காலி காலியாக இருந்தது. இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாமா என்று தின்யே கேட்டாள். "இருக்கட்டும். தூரத்துல இருந்தா ஆள் இல்லேன்னு ஆயிடுமா?" என்றாள் உன் அம்மா.

எல்லா நலமும் உனக்கு வாய்க்கட்டும். கம்பளிக் காலுறையை மறவாதே, திங்கள் காலை முதல் வேலையாக நேரம் கேள்.

உன் தந்தை,
ஹெர்மன் வீரிங்கா (ஒப்பம்)

சாட்சிகள்:
கேசினா வீரிங்கா
தின்யே (சீப்ரெனின் நடை குறித்து மட்டும் மாற்றுக் கருத்துடன்)