அக்கா எழுதாத சிபாரிசுக் கடிதம்

அக்கா,

போன கிழமை உங்கள் மகன் உங்களுடைய சாம்பல் நிறக் கம்பளி மேலங்கியைக் கொண்டுவந்து தந்தான். "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்றான். பையைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம். எண்பத்தாறாம் ஆண்டுக் குளிரில், ஜெர்மனியில் மாணவியர் சங்க வீட்டில் அறை கேட்டு நேர்முகத்துக்கு என்னை அனுப்பும்போது நீங்கள் எனக்குப் போட்டுவிட்டது இதே மேலங்கிதான். அழ வேண்டும் போலிருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

அந்த வீட்டில் இருப்பவர்களே வாக்குப்போட்டுத்தான் புதியவர்களைச் சேர்ப்பார்கள். உறுப்பினர் ஒருவர் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். அதைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். ஜெர்மன் பெட்டைகள் அங்கே முன்பு இருந்த தாய்மாரின் கடிதங்களோடு வந்து இறங்குவார்கள். நீங்கள் ஒருத்திதான் அங்கே தமிழ். இரசாயனமும் படித்துக்கொண்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டையும் பிடிப்பீர்கள்.

"தாய் இருந்த வீடெண்டா மகளுக்குக் கதவு தன்பாட்டிலை திறக்குது. அகதியாய் வந்த பிள்ளைக்கு ஆர் கடிதம் எழுதுறது? இது நியாயமோ?" என்று என்னிடம் குமுறுவீர்கள். கடைசியில் ஓர் அறையை அகதி மாணவி ஒருத்திக்கென்று ஒதுக்க வைத்துவிட்டீர்கள். சிபாரிசு செய்யும் பொறுப்பு உங்களுடையது. எனக்கு உங்களைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

அந்த அறைக்கு இரண்டு பேர் இருந்தோம், நானும் சுகந்தியும். ஒரே அகதி விடுதியில் இருந்துகொண்டு, ஒரே பல்கலைக்கழக ஆயத்த வகுப்புக்குப் போய் வந்தோம். குழந்தைகள் அழுகிற, வானொலி ஓயாத அந்த இடத்தில் இருந்து சோதனை பாஸ் பண்ண முடியாது என்பது இருவருக்கும் தெரியும். சுகந்தியின் ஜெர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ திறம். பஸ் டிக்கெட் வாங்கவே நான் அவளைத்தான் முன்னால் தள்ளுவேன்.

இருவரையும் தேநீருக்குக் கூப்பிட்டு, கேக் வெட்டி வைத்தீர்கள்.

"எந்த ஊர், பிள்ளை?" என்று சுகந்தியிடம் மட்டும் கேட்டீர்கள்; என் ஊரும் ஆட்களும் உங்களுக்கு முன்பே தெரியும். அவள் சொன்னாள்.

"ஊரிலை எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னாள்.

"அப்பாவின்ரை அப்பாவுக்கு என்ன பேர்?"

இதற்குப் பதில் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. எங்கள் ஆட்கள் சாதியை நேரே கேட்பதில்லை, இப்படித்தான் சுற்றிவந்து பிடிப்பார்கள். அவள் போன பிறகு அவள் குடித்த கோப்பையைக் கழுவி, மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் யன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"நல்ல பிள்ளைதான். ஆனா நாளைக்கு ஒரே குசினியிலை எப்பிடிச் சமைச்சுச் சாப்பிடுறது?" என்றீர்கள்.

அதே குசினியில் ஜெர்மன் பெட்டைகள் மாட்டிறைச்சி பொரித்த சட்டியைக் கழுவித்தான் நீங்கள் கத்தரிக்காய் வதக்குவீர்கள். அதில் உங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இதை நான் அன்று சொல்லவில்லை. மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு மட்டும் கடிதம் எழுதினீர்கள். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்தும் காட்டினீர்கள்: எல்லாரோடும் ஒத்துப்போகிற பிள்ளையாம் நான். அறை கிடைத்தது. சுகந்தியைத் தேடிவந்து நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"உமக்காக எவ்வளவோ கதைச்சுப் பாத்தன். வெள்ளையள் விடமாட்டம் எண்டிட்டினம்."

உங்கள் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு உங்களை வெறுக்கவும் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தது நீங்கள். வெளிநாட்டவர் அலுவலகம் நாள் குறித்து டெர்மின் தந்தால் வகுப்பை விட்டுவிட்டு என்னோடு வந்து நின்றதும் நீங்கள். சுகந்தி அந்தத் தவணை சோதனையில் தவறி, ஹம் நகரப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். நான் பட்டம் எடுத்தேன்.

உங்கள் செத்தவீட்டுக்கு அவள் வந்திருந்தாள். தலை நரைத்து, கொஞ்சம் மெலிந்து. பெட்டியருகே பூ வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"ஒரு விசயம் கேக்கவேணும். அண்டைக்கு நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள். அக்கா உண்மையாவே எனக்காகக் கதைச்சவவோ?"

உங்கள் மகன் அப்பால் நின்று வந்தவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தான்.

"ஓம்" என்றேன்.

அவள் கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டாள். "சரி. அப்ப ரெயினுக்கு நேரமாச்சு, போட்டு வாறன்" என்றாள்.

உங்கள் நல்ல பெயருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய், அக்கா. இல்லை என்று சொல்லியிருந்தால், "அப்ப தெரிஞ்சுகொண்டும் நீங்கள் ஏன் அந்த அறைக்குப் போனனீங்கள்?" என்று அவள் கேட்டிருப்பாள்.