வந்த காரணம்

மார்ச் 4

அன்புள்ள சிட்டு,

முழங்கை வலி குறைந்ததா? உனக்குப் போன் செய்ய எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ உளறிவைப்பேன். அதனால்தான் கடிதம்.

அடுத்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து உன் ஏஜென்சிக்கு ஒரு ஓலை வரும். நர்சுகளைத் தேடித் தர இனி ஏஜென்சி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நாங்களே விளம்பரம் கொடுக்கப்போகிறோம். வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்து, தகுதி இல்லாதவற்றைச் சலித்து ஒதுக்க மட்டும் வெளியே ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறோம். கூப்பிட்டுப் பேசுவதும் தேர்ந்தெடுப்பதும் நாங்களே.

மேலிடத்து முடிவு என்று எழுதியிருந்தால் நீயும் நம்பியிருப்பாய். ஆனால் யோசனை சொன்னது நான்தான், சிட்டு.

போன மாதம் ஒரு பெண் கேட் பக்கத்தில் என்னை மறித்தாள். "மேடம், மூணு தடவ அப்ளிகேஷன் போட்டுட்டேன். வேணாம்னாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். மேலே போய்த் தேடினேன். மூன்றும் அலமாரிக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியில், உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. நேரடியாக எழுதுகிறவர்களின் விண்ணப்பத்தை நாங்கள் படித்ததே இல்லை. நீதான் ஆள் அனுப்புகிறாயே என்ற மெத்தனம். அவள் உன்னிடமும் பதிவு செய்திருக்கிறாள். பிள்ளைகளை வளர்க்க இடையில் ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டாள் என்பதால் நீ அனுப்பவில்லை. உன்மேல் தப்பில்லை. அனுப்பிய ஆள் சீக்கிரம் நின்றுவிட்டால் வேறு ஆளைச் சும்மா தர வேண்டியவள் நீ. உனக்கு எதற்கு அந்தத் தலைவலி? ஆனால் எனக்கோ வார்டில் ஆளில்லை, அவளோ கேட்டில் நிற்கிறாள்.

உன் அண்ணன் இருந்திருந்தால் நமக்கு நடுவில் உட்கார்ந்து எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துச் சமாளித்திருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அன்புடன்,
அண்ணி

•

மார்ச் 16

மதிப்பிற்குரிய மனிதவளப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் மருத்துவமனையின் கடிதம் கிடைக்கப்பெற்றோம். இதுநாள்வரை தாங்கள் அளித்த வாய்ப்புக்கு நன்றி. தங்கள் வசமுள்ள எங்கள் விண்ணப்பதாரர்களின் கோப்புகளைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்

பி.கு.: முழங்கை பரவாயில்லை.

•

மார்ச் 21

அம்மாடி சிட்டு,

'கிடைக்கப்பெற்றோம்' என்று எழுத எங்கே கற்றுக்கொண்டாய்? அந்தப் பின்குறிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நிஜமாகவே பயந்துபோயிருப்பேன். கோப்புகளை அனுப்பிவிட்டேன். கூடவே முழங்கைக்கு ஒரு தைலம் வைத்திருக்கிறேன். அது மருத்துவமனைக் கணக்கில்லை, என் கணக்கு.

அந்தச் சலிக்கிற வேலையையாவது எனக்குத் தந்திருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நானே யோசனை சொல்லி, நானே ஆள் பார்த்து, கடைசியில் நாத்தனாருக்கே கொடுத்தேன் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? எனக்காக மட்டும் சொல்லவில்லை. நீ எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அண்ணி தயவு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கேட்டில் நின்றவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். மற்றபடி, புது ஏற்பாட்டின் லட்சணத்தையும் கேள். அவர்கள் சலித்து அனுப்பிய முதல் கட்டு விண்ணப்பங்களில் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவரும் இருந்தார். 'ஊசி போடுவதில் நல்ல அனுபவம்' என்ற வரியை மட்டும் படித்திருப்பார்கள் போல. பாவம், கூப்பிட்டுவிட்டோம், மனுஷர் வந்துவிட்டார். "இங்க நோயாளிங்க ரொம்ப அடக்கமா இருக்காங்களே" என்று ஆச்சரியப்பட்டார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் நான் சிரித்து மாட்டிக்கொண்டிருப்பேன்.

பதில் போடு. கிடைக்கப்பெற்றேன் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அண்ணி

•

ஏப்ரல் 9

அண்ணி,

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். மாட்டாஸ்பத்திரிக்காரர் ஜெயித்துவிட்டார்.

கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் நம்பமாட்டீர்கள். போன் எடுக்கிற பெண்ணை நிறுத்தவேண்டி வந்தது. போகும்போது என் மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள், "ஆள் தேட வேணாம், வர்ற அப்ளிகேஷன மட்டும் படிச்சுப் பிரிச்சுத் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். உங்கள் யோசனை ஊரெல்லாம் பரவிவிட்டது. சரி என்றிருக்கிறேன். வருமானம் சுமார்தான், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம் போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது அது இல்லை. போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. வாசலில் புது செக்யூரிட்டி. பதிவேட்டை நீட்டினார். பெயர் எழுதினேன், நேரம் எழுதினேன். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"மேனேஜரப் பாக்கணும்."

"அது சரிம்மா, என்ன விஷயமா?"

பின்னால் வரிசை நின்றது. "ஒண்ணுமில்லங்க, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அண்ணன் போய் மூன்று வருஷமாகிறது. அவர் போன பத்தாம் நாளே நான் ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தேனே, அந்த வாரம் உங்களுக்கு ஆளே தேவைப்படவில்லை. எனக்கும் அது தெரியும். அப்புறம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஏதோ ஒரு கோப்போடு வந்துகொண்டே இருந்தேன். நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இனி எந்தச் சாக்கில் வருவது? அண்ணனும் இல்லை, வேலையும் இல்லை. நான் உங்களுக்கு யார், அண்ணி?

சிட்டு

•

ஏப்ரல் 13

சிட்டுக்கண்ணு,

கடிதம் கையில் கிடைத்ததும் அரை நாள் லீவு போட்டுவிட்டு உன் ஆபீசுக்கு ஓடிவந்தேன். பூட்டியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "அவங்க ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. நீங்க யாரு?" என்றார். அவளுடைய அண்ணி என்றேன். "ஓ, அந்த அண்ணியா!" என்று சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன சொல்லிவைத்திருக்கிறாய்? படிக்கட்டில் உட்கார்ந்து இருட்டும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

உன் பட்டியல் தேவையில்லாத பட்டியல் என்று அன்றைக்கே தெரியும். இருந்தும் ஒவ்வொரு பெயராகக் கேட்டேன், நீ எழுந்து போய்விடக் கூடாதே என்று.

யார் என்று கேட்டாய். நீ உன் அண்ணன் வழியாகத்தான் எனக்கு வந்தாய், உண்மை. அவர் போகும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடவில்லை. எனக்கென்று விட்டுவிட்டுத்தான் போனார். அதைச் சொல்ல இத்தனை நாள் எனக்கும் வாய் வரவில்லை. நானும் வேலையைச் சொல்லித்தானே உன்னை வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு உதவி வேண்டும். வீட்டில் அவருடைய துணி அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை. சாவியைப் போட்டுத் திருப்புவேன். கதவை இழுக்க மட்டும் கை வராது. தனியாக என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா?

உன் அண்ணி

•

ஏப்ரல் 16

அண்ணி,

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் நல்லதாகத்தான் சொன்னேன், மார்ச் மாதத்தைத் தவிர.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் வரும்வரை அலமாரி பக்கமே போகாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து இழுக்கலாம். அழுகை வந்தால் அழுவோம், அவசரம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிடுங்கள். என் மாற்றுத்துணியையும் எடுத்துவைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணனுடைய அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை எனக்கு. அதற்கு நீங்கள் போட்டிக்கு வந்தால், நாத்தனார் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள்.

சிட்டு