தோல் சுற்றிய கடிகாரம்

இன்று காலை என் மேசையெல்லாம் சூடான தோலின் வாசனை. புதுச் செருப்பை வெயிலில் வைத்தால் வருமே, அது. உன் அப்பா வந்திருந்தார். நம் அணுக் கடிகாரப் பெட்டியை மெத்தென்ற ஆட்டுத் தோலில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். அவர் கிடங்கு பக்கம்தானே, பெட்டியின் சூடு இன்னும் ஆறவில்லை.

"பச்சை லைட்டு போயிடுச்சுமா. உடைக்க மனசு வரல. நீ பாரு, சாயங்காலம் வர்றேன்," என்றார்.

உடைக்க மனசு வரவில்லை என்று அவரா சொன்னார்? எனக்குப் புரியவில்லை.

பத்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு அணுக் கடிகாரம் செய்யலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். நூலகப் புத்தகத்தில் படித்ததை உன்னிடம் ஒப்பித்தேன். கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, துளி ருபீடியம் உலோகத்தை வைத்து ஆவியாக்க வேண்டும். அந்த அணுக்கள் துடிக்கும் கதி மாறவே மாறாது. பக்கத்தில் துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்தை அந்தக் கதிக்கு இழுத்துப் பிடித்தால் கடிகாரம்.

"உறிஞ்சுற பம்ப் இன்னா விலைடி?"

"தெரியல."

"அப்போ ஜாஸ்திதான்."

மறுநாள் நீ என்னை உன் அப்பாவின் பழைய சாமான் கிடங்குக்கு இழுத்துப் போனாய். ஷூ கம்பெனிகளில் கழித்த அச்சுகளுக்கு நடுவே, செல்போன் கோபுரம் ஒன்றிலிருந்து கழற்றிய சாமான்கள் கிடந்தன. அதில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. மூடியில் ருபீடியம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாம் செய்ய முடியாததை யாரோ செய்து, தூக்கியும் போட்டிருந்தார்கள்.

உன் அப்பா தராசை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஓடினா வெச்சுக்கோ. ஓடலன்னா திங்கக்கிழமை பிரிச்சிடுவேன். உள்ளே செம்பு இருக்கு."

அவரிடம் வளையல்கூடக் கேட்காதவள் நீ. அன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இது வேணும்பா," என்றாய்.

லாரி பேட்டரி இரண்டைச் சேர்த்துக் கட்டினோம். பெட்டி நொடிக்கு ஒரு கோடி முறை துடித்தது. பத்தால் வகுக்கும் மின்னணுச் சில்லுகளை வரிசையாக வைத்து அதை நொடிக்கு ஒன்றாக்கி, பழைய சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நடக்கவிட்டோம். அணுக்கள் படிகத்தைப் பிடித்துவிட்டால் பச்சை விளக்கு எரியும். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

வெப்பம் மாறாமல் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னதே என்று நான் தோல் துண்டுகளால் சுற்றினேன். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? அப்படியும் அணைந்தது. இன்னும் சுற்றினேன்.

"கடிகாரமா, காய்ச்சல்காரியா? இப்படிப் போர்த்துற," என்றாய். அப்போது அது வெறும் கேலி.

ஞாயிறு மாலை நீ பெட்டியின் அடியில் கைவைத்து, சட்டென்று இழுத்துக்கொண்டாய். "இதுக்கு மூச்சு முட்டுதுடி. விடு, பேஜார் பண்ணாதே." தோலையெல்லாம் உரித்தாய். ஷூ அடிப்பாகம் வார்க்கும் அலுமினிய அச்சு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் பெட்டியை உட்காரவைத்தாய். உள்ளே தேவையான சூட்டைப் பெட்டி தானே வைத்துக்கொள்ளும். மிச்சம் அலுமினியத்தின் வழியே வெளியேற வேண்டும், அவ்வளவுதான். பச்சை விளக்கு நின்று எரிந்தது.

ஆனால் அதற்கு நொடிதான் தெரியும், மணி தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். வானொலிச் செய்திக்கு முன் வரும் கடைசி பீப்புக்கு, முள்ளைத் தொடங்கிவைக்கும் பொத்தானை நீ அழுத்தினாய். என்னை விடவில்லை. "உன் கை எப்பவும் லேட்டு."

கண்காட்சியில் நடுவர், "இது சரின்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். நீ, "இதைவிட நல்ல கடிகாரம் இருந்தா குடுங்க சார், பாத்துடலாம்," என்றாய். அவர் சிரித்தார். பரிசு கிடைக்கவில்லை. பெட்டி உனக்குக் கிடைத்தது.

மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் அது கிடங்கில் ஓடிக்கொண்டிருந்தது. புது பேட்டரியைச் சேர்த்த பிறகே பழையதைக் கழற்றி, அது நிற்காதபடி உன் அப்பா மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். போன வாரம் தூசி படுகிறதே என்று, இருப்பதிலேயே நல்ல தோலாகப் பார்த்துச் சுற்றியிருக்கிறார். அதனால்தான் விளக்கு அணைந்தது. ஆனாலும் படிகம் தானாகத் துடித்ததால் முள் நடந்துகொண்டுதான் இருந்தது, நீ அழுத்திவிட்டபடி. என்னிடம் கொண்டுவர ஒயரைப் பிடுங்கினார். நின்றுவிட்டது.

நான் மறுபடி அழுத்தினால் ஓடும். ஆனால் நீ தொடங்கியது போய்விடும். அழுத்தாவிட்டால் அவர் கையில் நின்றுபோன பெட்டியைக் கொடுக்க வேண்டும். பகலெல்லாம் யோசித்தேன். எது சரி என்று இப்போதும் தெரியவில்லை.

மாலையில் அவர் வந்தபோது, கிடங்கிலிருந்து மற்றதையெல்லாம் எடுத்துவந்து இணைத்து, தோலை உரித்துப் பெட்டியை அச்சின்மேல் வைத்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னாமா ஆச்சு அதுக்கு?"

"சூடு ஜாஸ்தி ஆயிடுச்சு அங்கிள்." தோலால்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "சும்மா திறந்தே வைங்க. தூசியை நான் வந்து தொடைக்கிறேன்."

தலையாட்டினார். தோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வானொலியை வைத்தேன். கடைசி பீப். அழுத்தினேன்.

கை தாமதித்தது, எனக்கே தெரிந்தது. முள் நடக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தாமதத்தை அது இனிக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.