ஏறாத படிகள்

அன்புள்ள ராஜத்துக்கு,

கோணல்மாணலான என் எழுத்தைப் பொறுத்துக்கொள். இரண்டு வரி எழுதினால் முதுகு வலிக்கிறது. படுத்து எழுந்து எழுதுகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நடேசன் சார் இரண்டு மாதமாக எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தார். உன் பெயரை நானே எழுதிவிட்டேன், பார்த்தாயா!

போனில் பேசும்போதெல்லாம் மணிவண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறான். பிள்ளை கேட்க எப்படிச் சொல்வேன்? பத்துப் படி ஏறினேன் என்றேனே, அது பொய். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றுக்கு மேல் ஏறியதில்லை. நேற்று நான்காவதற்குக் காலைத் தூக்கினேன். பயிற்சி தரும் ஷர்மிளா பிடித்துக்கொண்டாள். “நக்கோ தாத்தா, வேணாம், போதும். மேல என்ன பிரியாணியா வெச்சிருக்கு?” என்றாள். சிரித்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹப்சிகுடாவில் மணிவண்ணன் நமக்காகப் பார்த்திருக்கும் கீழ்வீட்டை, நான் சொன்னதை நம்பித்தானே வேண்டாம் என்கிறாய்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி என்று சொல்லிவிடு. நம் மாடிக்கு இருபத்திரண்டு படி, ராஜம்.

திடீரென்று ஏன் என்று அவன் கேட்டால், உன் முழங்கால் மேல் பழியைப் போடு. என்னைக் காட்டிக்கொடுக்காதே.

உன்னிடம் மட்டும் ஒன்றைச் சொல்ல முடிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கை ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரமும் எழுதுவேன். அதில் உண்மையாக ஏறிய படிகள் மட்டும்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்