ஓட்டியவள் லோகேஸ்வரி

கோலா சிலாங்கூர்
27 மே 2025

மாமாவுக்கு,

சனிக்கிழமை காலை மணி பத்து நாப்பத்தி ரெண்டு. மில்லுல பாய்லர் ரூம் கடிகாரத்துல பார்த்தேன். கேட் காவலுக்கு நிக்கிற ஜாகா ஒரு போலிஸ்காரரைக் கூட்டிக்கிட்டு உள்ள வந்து, "கணேஸ், இவரு உன்னைத் தேடி வந்திருக்காரு"ன்னாரு. லோகா போயிட்டான்னு அப்பதான் தெரியும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அழுத்தம் எவ்வளவுன்னு பார்த்து எழுதினேன். அடுத்த ஆளுகிட்ட ஷிப்டை ஒப்படைச்சேன். ஹெல்மெட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் வெளிய வந்தேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு அழுகை வரலை. உங்க சொந்தக்காரங்க அதையும் பேசிட்டாங்களாம்.

நேர்ல வந்தா கத்திடுவேன். அத்தை முன்னாடி கத்தக்கூடாது. அதான் எழுதுறேன்.

கருமாதிக்கு மாலை போட்டு வச்சிருந்தீங்களே ஒரு படம், அது யாரு மாமா?

நான் உங்ககிட்ட கொடுத்த படத்துல லோகா நீல டீ-ஷர்ட் போட்டு, காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு, ஹெலிகாப்டர் பக்கத்துல நின்னு சிரிச்சா. இதை விட நல்ல சிரிப்பு எங்கிட்ட எந்தப் படத்துலயும் இல்ல. அதான் கொடுத்தேன். நீங்க காளியண்ணன் ஸ்டூடியோவுல கொடுத்து, அவ தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒரு பொம்பளையோட பட்டுச்சேலை உடம்பு மேல ஒட்ட வச்சிருக்கீங்க. கழுத்துல கிடக்கிற ஆரம் நம்ம வீட்டுது இல்ல. ஹெட்செட்டை அழிக்கிறப்ப காதையும் சேர்த்து அழிச்சுட்டான் அந்த ஆளு. காது இருந்த இடத்துல முடி வரைஞ்சு வச்சிருக்கான். அந்தச் சேலைக்காரிக்கு நான் சூடம் காட்டினேன் மாமா. பதினாறு நாளும் பொறுத்துக்கிட்டு இருந்துட்டு, கடைசியில யாருன்னே தெரியாத ஒருத்திக்கு.

அடுத்து பேப்பர்ல போட்டது. "ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்க்கச் சென்றபோது இறைவனடி சேர்ந்தார்." சுற்றிப் பார்க்கவா போனா? அது ரெண்டே பேர் உக்கார்ற ஹெலிகாப்டர். வலது பக்க சீட்டு கத்துக்கிறவங்களுக்கு. அதுல லோகா. இடது பக்கம் கத்துக்கொடுக்கிற கேப்டன் டக்ளஸ். ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை போய் ஓட்டப் பழகினா. அன்னிக்கும் அவதான் ஓட்டினா.

மண்டபத்துல ஒரு அம்மா எங்கிட்டயே வந்து, "பாவம், ஆசைப்பட்டு ஏறியிருக்கு பிள்ள"ன்னாங்க. ராட்டினத்துல ஏறின மாதிரி.

மறுபடியும் பேப்பர்ல போடுங்க. சரியான படம், சரியான சேதி. வேற ஒண்ணும் நான் கேக்கலை.

இன்னும் உங்க மாப்பிள்ளைதான்,
கணேஸ்வரன்

*

பத்தாங் பெர்ஜுந்தாய்
8 ஜூன் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் இரவில் தூங்குவதில்லை, பகலில் எழுந்திருப்பதில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன் குழம்பு வைத்துத் தருகிறேன் என்று அவள்தான் சொல்லச் சொன்னாள்.

படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாலை போடுகிற படம் மங்களகரமாக இருக்க வேண்டாமா? காதில் பூதாகரமாக எதையோ மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு எப்படிப் பொட்டு வைப்பது? காளியண்ணன் வேலை சுத்தமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை யோகா வகுப்பு என்றுதான் எங்களிடம் சொன்னாள். அதை நான் கோயிலில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! என் மகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியும் என்பதை ஒரு போலிஸ்காரர் வாயால் நான் கேட்க வேண்டியதாயிற்று. அவள் மறைத்தாள், சரி. நீங்களுமா, மாப்பிள்ளை?

சுற்றிப் பார்க்கப் போனாள் என்று ஏன் போட்டேன் என்று கேட்கிறீர்கள். ஓட்டினாள் என்று போட்டால், "பொம்பளை ஓட்டினா விழாம என்ன செய்யும்" என்பார்கள். கூட இருந்த மனிதரையும் இவள்தான் கொன்றாள் என்பார்கள். அதோடு நின்றுவிடுமா? இரண்டே பேர் உட்காரும் வண்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான பெண், வேற்று ஆண்பிள்ளையோடு, வீட்டுக்குத் தெரியாமல், இரண்டு வருடம். நாற்பது வருடம் இந்த எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவன் நான். நம் சனங்களின் வாய் எனக்குத் தெரியும். சுற்றிப் பார்க்கப் போனாள் என்றால் ஒரு நாள் பேசுவார்கள், அதோடு போய்விடும். என் பிள்ளையை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

கோபத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மாமா,
உடையப்பன்

*

கோலா சிலாங்கூர்
22 ஜூன் 2025

மாமாவுக்கு,

மீன் குழம்புக்கு வரலை. கோச்சுக்காதீங்க, அத்தைகிட்ட நான் வேலைன்னு சொல்லுங்க.

வேற்று ஆண்பிள்ளைன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். வாரா வாரம் அவளைக் கொண்டுபோய் விட்டதே நான்தான். வேலிக்கு வெளிய காடியை நிறுத்திட்டு, உள்ளயே உக்காந்து நாசி லெமாக் தின்னுக்கிட்டு பார்த்துக்கிட்டு இருப்பேன். ஊரு பேசும் ஊரு பேசும்ங்கிறீங்க. ஊரு இன்னும் பேசலை. பேசினது நீங்க ஒருத்தர்தான்.

ஏன் மறைச்சான்னு கேட்டீங்கல்ல? காடி லைசன்ஸ் எடுக்கப் போறேன்னு சொன்னப்பவே நீங்க ஒரு மாசம் அவகூடப் பேசலை. அவதான் சொன்னா. "காடிக்கே ஒரு மாசம்னா இதுக்கு எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டுக்க கணேஸ்"னு சிரிச்சா.

அவ எப்படிப் பழகினான்னு உங்களுக்குத் தெரியாது. அதையாவது தெரிஞ்சுக்குங்க. ஆபீஸ் விட்டு வந்து, அரிசியை ஊற வச்சுட்டு, போர்ச்ல நிக்கிற மைவி காடிக்குள்ள போய் உக்காருவா. ஹெலிகாப்டர்ல இடது கைக்கு ஒரு லீவர் இருக்கு, தூக்கினா ஏறும், இறக்கினா இறங்கும். மைவியோட ஹேண்ட் பிரேக் அதே இடத்துல, அதே மாதிரி. வலது கைக்கு முழங்காலுக்கு நடுவுல ஒரு கம்பு. அதுக்கு வீட்டு அகப்பை. கண்ணை மூடிக்கிட்டு அரை மணி நேரம் அப்படியே பழகுவா. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வேலி வழியா எட்டிப் பார்த்து, காடி கெட்டுப் போச்சான்னு எங்கிட்ட கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.

முன்னாடி போறது சுலபமாம். ஒரே இடத்துல ஆடாம நிக்கிறதுதான் பெரிய பாடு. முதல் மாசம் திடல் முழுக்க அலைஞ்சா. கேப்டன் டக்ளஸ், "கிட்ட பார்க்காத லா, தூரத்துல மரத்தைப் பாரு"ன்னு கத்துவாராம். ஒரு நாள் நின்னுட்டா. காடிக்கு ஓடி வந்து, "கணேஸ், நின்னுச்சு! நான் நிக்க வச்சேன்!"னு என் நாசி லெமாக்கைத் தட்டி விட்டுட்டா. கிரெடிட்ல சோபா எடுக்கலாம்னு இருந்தோம், எடுக்கலை. அந்தக் காசு இதுக்குத்தான் போச்சு.

ஒரு தடவை பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் வந்திருக்கா, உங்க வீட்டு மேலயே. நீங்க தலையில துண்டோட வெளிய வந்து கையை ஆட்டித் திட்டினீங்களாம். கோழியெல்லாம் ஓடுச்சாம். "சத்தம் கேக்கலை, ஆனா அப்பா கையை ஆட்டுறதுலயே என்ன வார்த்தைன்னு தெரிஞ்சு போச்சு"ன்னா. அன்னிக்கு ராத்திரி பூரா சிரிச்சா மாமா. உங்ககிட்ட சொல்லணும்னு துடிச்சா. லைசன்ஸ் கையில வரட்டும், அப்ப சொல்லிக்கலாம்னு நான்தான் தடுத்தேன்.

விசாரணைக்காரங்களோட முதல் அறிக்கை வந்துடுச்சு. இன்ஜின் நின்னு போயிருக்கு. நின்னா உடனே அந்த லீவரைக் கீழ தள்ளணும். தள்ளித்தான் இருந்துச்சு. உயரம் பத்தலை, அவ்வளவுதான். நான் படிச்ச படிப்புல, எல்லாம் சரியா செஞ்சா மெஷின் நம்மளைக் கைவிடாது. இது விட்டுடுச்சு. யாரைப் போய் அடிக்கிறதுன்னு தெரியாம சுத்திக்கிட்டு இருக்கேன்.

ரெண்டு பக்க லீவரும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. யார் கை தள்ளுச்சுன்னு சொல்ல முடியாதுன்னு எழுதிட்டாங்க. அதனால டொரீன் அக்காகிட்ட போனேன். டக்ளஸோட சம்சாரம். நீங்க பயந்த மாதிரி என்னைத் திட்டட்டும்னுதான் போனேன். அவங்க தேத்தண்ணி கலக்கிக்கிட்டே சொன்னாங்க: "அன்னிக்குப் பசியாறுறப்ப அவரு சொன்னாரு லா. 'இன்னிக்கு நான் கையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காரப் போறேன். அந்தப் பிள்ள அடுத்த வாரம் தனியா ஓட்டும்'னு. அதுதான் கணேஸ் எனக்கு ஆறுதல். கடைசி நாள் அவருக்கு சந்தோஷமான நாளு."

"பேப்பர்ல போடலாமாக்கா?"ன்னு கேட்டேன்.

"போடு. ஆனா அவர் பேரையும் சேர்த்துப் போடு. உன் வீட்டுக்காரி கத்துக்கிட்டா, என் வீட்டுக்காரர் கத்துக்கொடுத்தாரு. ஒண்ணை மட்டும் போட்டா மத்தது பொய்யாயிடும்."

அதனால சொல்றேன். வருஷ திதிக்கு நினைவஞ்சலி நான் போடுறேன். ரெண்டு பேர் பேரும் வரும். நீங்களும் சேர்ந்து போட்டா உங்க பேருதான் முதல்ல.

கணேஸ்வரன்

*

பத்தாங் பெர்ஜுந்தாய்
12 ஏப்ரல் 2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதப் பல முறை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்தேன். தீபாவளி இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. நீங்கள் மெலிந்துவிட்டதாகக் கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கோழிகள் ஓடியது உண்மை. நான் திட்டியதும் உண்மை. செம்பனைத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற ஹெலிகாப்டர் என்று நினைத்துவிட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எழுத மாட்டேன். தினமும் அந்த இடத்தில் போய் நின்று மேலே பார்க்கிறேன்.

காளியண்ணனைக் கூப்பிட்டுப் பழைய படத்தையே பெரிதாக்கச் சொல்லி மாட்டிவிட்டேன். நீலச் சட்டை, காதில் அந்தக் கருவி, எல்லாம் அப்படியே இருக்கிறது. பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது. நீங்கள் சொன்னது சரிதான், நல்ல சிரிப்பு. பேப்பரிலும் அந்தப் படத்தையே போடுங்கள். ஓட்டினாள் என்றும் போட்டுக்கொள்ளுங்கள். நான் தடுக்கவில்லை.

அந்த மனிதரின் பெயர் மட்டும் வேண்டாம், மாப்பிள்ளை. ஒரு பெண்ணின் நினைவஞ்சலியில் அப்பா பெயர் வரும், கணவர் பெயர் வரும். மூன்றாவதாக ஓர் ஆணின் பெயர் வருமா? என் தம்பி, "அண்ணே, அது வந்தா நாங்க யாரும் திதிக்கு வர மாட்டோம்" என்கிறான். வயதான காலத்தில் எங்கள் இருவருக்கும் இவர்கள்தான் துணை, செத்தால் தூக்கிப் போடவாவது.

திதி 29ஆம் தேதி, புதன்கிழமை. அந்தப் பெயர் இல்லாமல் வந்தால் நீங்கள்தான் முன்னால் நின்று படைக்க வேண்டும். பெயரோடு வந்தால் நீங்கள் வர வேண்டாம். இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் மாமா,
உடையப்பன்

*

கோலா சிலாங்கூர்
28 ஏப்ரல் 2026

மாமாவுக்கு,

இதைத் தபால்ல போடலை. நானே கொண்டுவந்து உங்க கேட் பெட்டியில போட்டுட்டுப் போறேன். உள்ள வந்தா அத்தை கையைப் பிடிச்சுக்குவாங்க, நான் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடுவேன்.

படத்தை மாத்தினதுக்கு நன்றி. உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை மில்லுக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு வாரமா சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். நீங்க இத்தனை தூரம் இறங்கி வந்துட்டீங்க, நான் ஒரு பேரை விட்டுக்கொடுத்தா என்னன்னு யோசிச்சேன். பேப்பர் ஏஜன்டுக்கு போன் போட்டு அந்த வரியை எடுக்கச் சொல்லக்கூடப் போனேன்.

முடியலை மாமா.

டக்ளஸ் பேரை எடுத்துட்டா லோகா யாருகிட்ட கத்துக்கிட்டா? தானாவா பறந்தா? அந்தாளு திடல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தினது, அவ தப்புப் பண்ண பண்ண கோவப்படாம மறுபடி மறுபடி ஏத்தினது, கடைசியா நம்பிக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தது, இதையெல்லாம் உங்க தம்பிக்குப் பயந்து நான் அழிக்கணுமா? அந்த மனுஷன் அவ பக்கத்துல செத்தாரு. டொரீன் அக்கா அவங்க வீட்டுப் பிரேயருக்கு என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் லோகா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாங்க. ஒருத்தர் முகம் சுளிக்கலை. அங்க உக்காந்திருந்தப்ப எனக்கு உங்க மேல வந்த கோவம் இருக்கே, சொல்ல முடியாது. நம்ம பக்கம் ஒரு பேரை எழுத இவ்வளவு பயம்.

"நாங்க வர மாட்டோம்"கிறாரே உங்க தம்பி, அவர் இந்த ஒரு வருஷத்துல ஒரு தடவை வந்து அத்தையைப் பார்த்தாரா? கேட்டுப் பாருங்க. தூக்கிப் போட ஆளு வேணும்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு நான் வருவேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் வருவேன். அதை யாரும் தடுக்க முடியாது. நாளைக்கு மட்டும் வர மாட்டேன். வேண்டாம்னு எழுதிட்டீங்க, சரி.

நாளைக்குப் பேப்பர்ல வரப்போறது இதுதான். மத்தவங்க சொல்லித் தெரிய வேண்டாம், நீங்களே முதல்ல படிச்சுக்குங்க:

"லோகேஸ்வரி உடையப்பன். ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றவர். இறுதிப் பயணத்திலும் அவரே ஓட்டினார். கற்றுக்கொடுத்து, உடன் மறைந்தவர் கேப்டன் டக்ளஸ். இருவரையும் நினைத்திருக்கும் கணவர் கணேஸ்வரன், திருமதி டொரீன் டக்ளஸ்."

உங்க பேரைப் போடலை. உங்களைக் கேக்காம போடுறது தப்பு. ஆனா அவ பேருக்குப் பக்கத்துல உடையப்பன் இருக்கு. அதை எடுக்கணும்னு எனக்குத் தோணலை, உங்களுக்கும் தோணாதுன்னு நினைக்கிறேன்.

விடிஞ்சா பேப்பர் கடைக்கு வந்துடும். உங்க தம்பி கூப்பிடுவாரு, கோயில் தலைவர் கூப்பிடுவாரு, எவனோ ஒருத்தன் படம் பிடிச்சு எல்லாருக்கும் அனுப்புவான். கடைசியா நீங்க கூப்பிடுவீங்க. உங்க குரலைக் கேட்டா நான் மன்னிப்புக் கேட்டுடுவேன் மாமா. இதுக்கு மன்னிப்புக் கேக்கக்கூடாது. அதனால இப்பவே, உங்க கேட்டுக்கு வெளிய காடியில உக்காந்து இதை எழுதுறப்பவே, போனை ஆஃப் பண்ணிட்டேன்.

கணேஸ்வரன்