நூறு மில்லிக்கு எவ்வளவு

அன்பு மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி, உன் பிள்ளை நாலு பேரும் நலம். பிள்ளை எங்கள் மூவரையும் விட நலம், ஏனென்றால் அவனிடம் மட்டும்தான் நீ போனில் கணக்குக் கேட்பதில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன். கடிதத்தில் நான் பேசலாம், நீ உம் கொட்டிக்கொண்டே படி. எனக்கு எழுத்து வராதது உனக்குத் தெரியும், அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மனைவி. பிள்ளை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறான், வரி எங்கேயாவது கோணினால் அவன் உதைத்தது என்று வைத்துக்கொள். உன்னைத் திட்டுகிற இடத்தில் மட்டும் எழுத்து முத்து முத்தாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி விளக்கு மறுபடியும் போய்விட்டது, மாற்றவேண்டும். விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உன் மனைவியும் பிள்ளையும் உன்னிடம் வந்து சேர டிக்கெட் எடுத்திருக்கிறாய். இவள் வரமாட்டேன் என்கிறாள். பெட்டி இன்னும் அலமாரி மேலேயே கிடக்கிறது. நீ போன் செய்யும்போதெல்லாம் அவள் தூங்குகிறாள் என்று உன் அம்மா சொல்கிறாளே, கைக்குழந்தைக்காரி அவ்வளவு தூங்குவாளா என்று உனக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

நீ பிஸ்கட் கம்பெனியில் பரிசோதனை அதிகாரி. பாக்கெட்டின் முதுகில் நூறு கிராமுக்கு மாவு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பொடி எழுத்தில் கட்டம் போட்டிருக்கிறார்களே, அது சரியா என்று பார்ப்பது உன் வேலை. நல்ல வேலைதான். ஆனால் பிள்ளை பிறந்த கையோடு பெண்டாட்டி முதுகிலும் அந்தக் கட்டத்தைத் தேடினாய் பார், அங்கேதான் வந்தது வினை. பாலைப் புட்டியில் பிடித்து லேபுக்கு அனுப்பச் சொன்னாய், அனுப்பினாள். கொழுப்பு குறைவு என்று சீட்டு வந்தது. அன்று சாயங்காலமே பால்பவுடர் டின்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொரு டின்னிலும் ஒரு கொழுகொழு குழந்தை சிரித்தது, உன் பிள்ளையை விட லட்சணம்தான், பேசாமல் நீ அதையே பெற்றிருக்கலாம். இவள் அன்று சாப்பிடவில்லை. பிள்ளையை மார்பில் வைக்கவே கூசினாள், ஏதோ கலப்படம் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, எப்போ பிடிச்ச பாலும்மா இது என்று கேட்டார். பிள்ளை பசியில கத்தினான், முதல்ல வந்ததைப் புட்டியில பிடிச்சுட்டு மீதியை அவனுக்குக் கொடுத்தேன் என்றாள் இவள். அவர் சிரித்துவிட்டார். முதல்ல வர்றது தண்ணியாத்தான் இருக்கும், பிள்ளை தாகத்துக்கு, குடிக்கக் குடிக்கத்தான் கெட்டியாகும், கொழுப்பெல்லாம் கடைசியில வரும் என்றார். ஆக லேபுக்குத் தண்ணீர், பிள்ளைக்கு வெண்ணெய், நியாயமான பங்கீடுதானே. பிள்ளை நல்லா வளர்றான், டின்னைத் தூக்கி மேல வையுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இதை உன்னிடம் போனில் சொன்னேன். வேறு மனுஷனாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். நீ என்ன சொன்னாய்? நர்ஸ் சொல்றது ரொம்பச் சரிப்பா, அப்போ கடைசியில வர்ற பாலையும் பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க என்றாய்.

இரண்டாவது சீட்டும் வந்தது. முதல் சீட்டை விடப் புரதம் மூன்று மடங்கு, சுண்ணாம்புச் சத்து நாலு மடங்கு. நீ துள்ளிக் குதித்துக்கொண்டு, இதுதான் என் பொண்டாட்டி, என்ன சாப்பிட்டாளோ அதையே விடாமல் சாப்பிடச் சொல்லுங்க என்றாய். உன் அம்மா கீழே இஸ்திரி போடுகிறவரிடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டாள். அவர், அப்படி என்னதான் சாப்பிடறாங்க, கேட்டுச் சொல்லுங்கம்மா, என் மகளும் உண்டாகியிருக்கா என்றாராம். என்ன சாப்பிட்டது என்று நான் சொல்கிறேன். வைக்கோல். வைக்கோலும் புண்ணாக்கும். நம் குளிர்பெட்டியில் இருந்த பாக்கெட் பாலைப் புட்டியில் ஊற்றி அனுப்பிவிட்டாள் உன் மனைவி. அன்று சாயங்காலம் எனக்குக் கறுப்புத் தேநீர் வந்தது, பால் எங்கேம்மா என்றேன், லேபுக்குப் போயிருக்கு மாமா, எந்த ஊர் மாடோ, பாஸாயிடும் என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. லேப்காரர்களைக் குறை சொல்லாதே, நீ எவ்வளவு இருக்கிறது என்றுதானே கேட்டாய், யாருடையது என்று கேட்கவில்லையே. கன்றுக்குட்டி சீக்கிரம் எழுந்து ஓடவேண்டும், அதற்குப் புரதம் அதிகம் வேண்டுமாம், மனுஷப் பிள்ளைக்கு அந்த அவசரம் கிடையாதாம். இதுவும் நர்ஸம்மா சொன்னதுதான். உன் அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது, சொல்லித் தொலைக்காதே, இஸ்திரிக்காரர் முகத்தில் விழிக்க முடியாது என்பாள்.

உனக்கு நினைவிருக்க நியாயமில்லை, எனக்கு இருக்கிறது. நீ பிறந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கட்டில் கட்டிலாக வந்து ஓசியில் பால்பவுடர் டின் கொடுத்தாள். கோட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தாள், இன்னும் கண்ணில் நிற்கிறது. நர்ஸ் என்று நினைத்தோம், டின் கம்பெனி ஆள். உன் அம்மா அதைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள், டின் தீர்ந்தபோது அவளுக்குப் பாலும் வற்றியிருந்தது, உனக்கு வயிறும் கெட்டிருந்தது. மாடியிலிருந்த தையல்காரி, அவளுக்கும் கைக்குழந்தை, நீ கத்துவதைக் கேட்டு மிஷினை விட்டு எழுந்து வந்தாள். என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க ரெண்டு பேரும், அவனை இப்படிக் கொடுங்க என்று உன்னைப் பிடுங்கிக்கொண்டாள். உன் அம்மாவுக்கு மறுபடி ஊறுகிற வரைக்கும் அவள்தான் உனக்கு. அவள் பாலில் நூறு மில்லிக்கு நூல் எவ்வளவு, மிஷின் எண்ணெய் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. நீ வளர்ந்து நிலைப்படியில் தலை இடிக்கிறாய்.

பிள்ளை பிறந்ததிலிருந்து இவளிடம் எத்தனை மில்லி என்று கேட்டிருக்கிறாய், நீ எப்படி இருக்கே என்று ஒரு தடவை கேட்டாயா? போனவாரம் இவள் என்னிடம், நான் போகப்போறது வீட்டுக்கா ஃபேக்டரிக்கா மாமா என்று கேட்டாள். அதற்குப் பதில் நீ சொல். இந்த இடத்தில், கோபத்தில் இருக்கிறாள், எப்படியும் வந்துவிடுவாள் என்று எழுதும்மா என்றேன். பேனாவை மூடிவிட்டாள். அதை நீங்க சொல்லாதீங்க மாமா, சொன்னாலும் நான் எழுத மாட்டேன் என்கிறாள். கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்திருக்கிறேன். நல்லவன்தான் நீ, பிள்ளை மெலிந்துவிடுவானோ என்ற பயம்தான் உன்னை இப்படி ஆட்டுகிறது, அதுவும் எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை இவள் மேல் இறக்கிவைக்காதே.

நீயும் உன் குடும்பமும் ஒரு கூரைக்குக் கீழே நிறைந்து வாழவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னேனே, காட்டினாயா? தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மாமா தூங்கப் போய்விட்டார். இது நான் எழுதுவது. கட்டில் பக்கத்துச் சுவரில் பால் கணக்கு எழுத வெள்ளைப் பலகை மாட்டியிருப்பதாகப் படம் அனுப்பியிருந்தீர்கள். டிக்கெட்டை ரத்து செய்யவேண்டாம். முதலில் அதைக் கழற்றுங்கள். ஆணி அடித்த வெறும் சுவரைப் படம் எடுத்து அனுப்புங்கள், பெட்டியைக் கீழே இறக்குகிறேன்.